உடன் வந்தவர்

ஹங்கேரியில், பாலட்டன் என்கிற பெரிய ஏரியின் கரையில் ஒரு கல்லூரி. அதன் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் சிரித்தபடி நீட்டிய கழுத்தட்டையை வாங்கிப் பார்த்த அச்சுதன், அது வேறு யாருடையதோ என்றுதான் முதலில் நினைத்தார். மேலே பொடி எழுத்தில் அவர் பெயர் இருந்தது. கீழே, பெயரைப்போல மூன்று மடங்கு பெரிய எழுத்தில், ‘அக்கம்பனியிங் பர்சன்’ என்று அச்சடித்திருந்தார்கள். உடன் வந்தவர். அதாவது விஞ்ஞானி அல்ல, விஞ்ஞானியோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்.

பக்கத்தில் நின்ற மனைவி சரோஜினியின் அட்டையில் டாக்டர், சிறப்புரையாளர், இந்தியா என்று எல்லாம் முறையாக இருந்தது.

“இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு,” என்று தனக்குத் தெரிந்த கறாரான ஆங்கிலத்தில் அச்சுதன் சொன்னார். “நான் ஒரு சங்கத்துக்குத் தலைவர்.”

“பூச்சியியல் சங்கமா சார்?” என்று அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள்.

“குடியிருப்போர் நலச் சங்கம்.”

அவள் கணினியில் தேடினாள். விஞ்ஞானி, மாணவர், உடன் வந்தவர், உணவு பரிமாறுவோர் என்று நாலே வகைதான் அதில் இருந்தது. மூன்றாவது பிடிக்காவிட்டால் நான்காவதில்தான் போட முடியும். அச்சுதன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எழுத்து நெஞ்சைப் பார்க்கவும் வெள்ளைப் பக்கம் உலகத்தைப் பார்க்கவுமாகத் திருப்பி விட்டுக்கொண்டார். பத்து நாளும் ஏரிக்காற்று அதை நேராக்குவதும் அவர் திருப்பி விடுவதுமாகத்தான் போயிற்று.

அச்சுதனுக்கு அறுபத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில், சிட்லபாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, தவளைச் சத்தம் மட்டுமே இருந்த காலத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர். செண்பகம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் ஒழுங்காக நடக்கும். எதிர்த்து நிற்க யாருக்கும் பொழுதில்லை. தெருவில் பள்ளம் தோண்டினால் பள்ளத்தின் ஓரத்தில் அச்சுதன் நிற்பார். பள்ளத்தை மூடினாலும் நிற்பார். குப்பை வண்டிக்காரர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அது வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையாக வரும்.

அவருடைய பெரிய சாதனை, சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கொசுப் புகை இயந்திரம் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அது உறுமிக்கொண்டு தெருவில் வரும். அதற்கு இரண்டடி முன்னால், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அச்சுதன் வருவார். சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். பின்னால் தெரு மறைந்துபோகும்.

சரோஜினி கொசு விஞ்ஞானி. ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் முப்பது வருட வேலை. தினமும் காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, சாயங்காலம் கீரைக்கட்டோடு இறங்குவாள். “இந்தப் புகையில கொசு சாகாதுங்க. இருமிட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டுத் திரும்பி வரும்,” என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே சொன்னாள். வீட்டுக்காரி சொல்வதையெல்லாம் சங்கத்தில் வைக்க முடியாது என்பதால் அச்சுதன் அதை அங்கேயே விட்டுவிட்டார். அவளும் மறுபடி சொல்லவில்லை. தெருவில் நாற்பது வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் வீட்டுக்கொரு கறுப்புத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, வாரா வாரம் போய் அதில் கொசு முட்டையை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். ஏதோ ஆபீஸ் வேலை என்று அச்சுதன் கேட்டதில்லை.

நகரக் கொசுக்களைப் பற்றி ஹங்கேரியில் பத்து நாள் பயிலரங்கு, வந்து பேச வேண்டும் என்று அவளுக்கு அழைப்பு வந்தபோது, “தனியா எப்படிப் போவே? நானும் வரேன்,” என்றார் அச்சுதன்.

சரோஜினி கொஞ்சம் யோசித்தாள். “சரி, வாங்க,” என்றாள். படிவத்தை அவளே நிரப்பினாள்.

சங்கத்தில் அச்சுதன் அறிவித்தது வேறு மாதிரி இருந்தது. “கொசு விஷயமா ஐரோப்பாவுல நம்மள இன்வைட் பண்ணியிருக்காங்க,” என்றார். சால்வை போட்டார்கள். பொருளாளர் பக்கீர் முகமது, குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், ஆணி எண்ணுகிற நிதானத்தோடு கேட்டார்: “சார், அங்க பேப்பர் படிக்கப்போறது நீங்களா, மேடமா?”

“ஜாயிண்ட்டா.”

“நல்லது சார். ஆளுக்குப் பாதி படிச்சா தொண்டை கட்டாது.”

விசா அலுவலகத்திலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் அச்சுதன்தான் போய் வாங்கி வந்தார். தன்னுடையதை மூன்று முறை விரித்துப் பார்த்தார். அவளுடையதை அப்படியே பீரோவில் வைத்தார். கிளம்பும் நாளில் அவளுடைய பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. “பத்து நாளைக்கு எதுக்கு இத்தனை பருப்புப்பொடி?” என்று முனகினார். “இருக்கட்டும்,” என்றாள்.

பயிலரங்கில் விஞ்ஞானிகள் காலை ஒன்பது மணிக்குக் கூடத்துக்குள் போய்விடுவார்கள். உடன் வந்தவர்களுக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி நிரல் இருந்தது. லாவெண்டர்த் தோட்டம், பீங்கான் தட்டில் சித்திரம், ஜாம் காய்ச்சுதல், வெந்நீர் ஏரியில் குளியல். மொத்தம் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் பெண்கள். ஆண்கள் அச்சுதனும், நார்வே நாட்டுக்காரர் ஓலாவும். ஓலாவ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறடி நாலங்குலம். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து நூல்கண்டையும் ஊசியையும் எடுத்துப் பச்சை நிறத்தில் ஒரு காலுறை பின்ன ஆரம்பித்தார். அச்சுதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓர் ஆண்பிள்ளையை அந்த நிலையில் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வழிகாட்டியாக வந்த இல்டிகோ என்ற பெண் முப்பது வயதுக்காரி. கையில் மஞ்சள் குடை பிடித்து முன்னால் நடப்பாள். ஒவ்வொரு இடத்திலும் அவள் தலையை எண்ணுகிற விதம் அச்சுதனுக்குப் பிடிக்கவில்லை. வாயால் எண்ணினாள், விரலை மடக்கவில்லை. இரண்டாம் நாள், லாவெண்டர்த் தோட்டத்துக்குப் போன இடத்தில், அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். குன்றின் மேல் பழைய தேவாலயம், கீழே கண்ணுக்கெட்டியவரை ஊதா நிறம், அதற்கப்பால் பச்சையாக ஏரி. மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள். அச்சுதன் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது பேருந்து வாசலில் நின்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணி, “பதினாலு. ரைட், போகலாம்,” என்றார்.

ஒன்பது கிலோமீட்டர் போனபிறகு இல்டிகோவின் கைபேசி அடித்தது. ஜப்பானியப் பேராசிரியர் ஒருவரின் மனைவி, தேவாலயத்து மெழுகுவத்திக் கடையில் நின்றுகொண்டிருந்தார். அச்சுதன் இல்டிகோவையும் சேர்த்து எண்ணியிருந்தார். பேருந்து திரும்பியது. ஏறி வந்த அந்த அம்மாள், நடந்ததற்குத் தானே காரணம் என்பதுபோல அச்சுதனுக்கு நான்கு முறை தலைவணங்கினார். “பரவாயில்லை, இனிமே கவனமா இருங்க,” என்றார் அச்சுதன்.

அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் படம் போனது. ஊதாப் பூக்களுக்கு நடுவே அச்சுதன், பின்னால் நாலைந்து வெளிநாட்டுப் பெண்கள். கீழே, ‘சர்வதேசக் குழுவுடன் கள ஆய்வில்’ என்று எழுதியிருந்தார். சிட்லபாக்கத்திலிருந்து பதினாறு கைகூப்பல்கள் வந்தன. பக்கீர் முகமது மட்டும், ‘சார், பேட்ஜ் திரும்பி இருக்கு, சரி பண்ணிக்குங்க’ என்று எழுதியிருந்தார்.

பீங்கான் தட்டில் எல்லோரும் பட்டாம்பூச்சியும் ரோஜாவும் வரைந்தார்கள். அச்சுதன் தென்னைமரம் வரைந்தார். ஆக்டோபஸ் மிகத் தத்ரூபமாக இருப்பதாக இல்டிகோ பாராட்டினாள்.

நான்காம் நாள் வெந்நீர் ஏரி. பூமிக்கடியிலிருந்து சுடுதண்ணீர் ஊறி வந்து வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் ஏரி அது. கரையோரம் செந்நிற அல்லி பூத்திருந்தது. அல்லியின் பூர்வீகம் இந்தியா என்று இல்டிகோ சொன்னதும், எல்லோரும் அச்சுதனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் லேசாகத் தலையாட்டி ஒப்புக்கொண்டார். உடைமாற்றும் அறையிலிருந்து அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனியனோடு வந்தபோதுதான் சிக்கல் வந்தது. காவலர் விசில் ஊதினார். வேட்டிக்கு அனுமதி இல்லை. கடைசியில் ஓலாவ் தன்னுடைய உபரி அரைக்கால்சட்டையைக் கொடுத்தார். அது அச்சுதனுக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலேவரை வந்தது. இடுப்பில் சுற்றிக் கட்டப் பச்சை நூலும் கொடுத்தார்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ரப்பர் வளையம் உண்டு. வளையத்தில் அக்குளை மாட்டிக்கொண்டு அச்சுதன் தண்ணீரில் இறங்கினார். நல்ல சுகம். சுற்றிலும் தொப்பி போட்ட கிழவர்களும் கிழவிகளும் வளையங்களில் தொங்கியபடி, சங்கக் கூட்டத்தைவிடவும் மெதுவான வேகத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓலாவ் வந்தார்.

“எனக்கு இது இருபத்தி மூணாவது பயிலரங்கு,” என்றார். “என் மனைவி மண்புழு விஞ்ஞானியா இருந்தா, அப்புறம் கொசுவுக்கு வந்தா. மண்புழுக்காரங்க சாப்பாடு நல்லா போடுவாங்க. உங்களுக்கு எத்தனையாவது?”

“முதல்.”

“ஓ. உங்க மனைவியை இதுக்கு முன்னாடி யாரும் கூப்பிட்டதில்லையா? அவங்க பேர் எல்லாருக்கும் தெரியுதே.”

“கூப்பிட்டாங்க.”

“பிறகு ஏன் போகலை?”

நார்வேக்காரர் வம்புக்குக் கேட்கவில்லை. ரயில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அச்சுதன் பதிலை யோசித்தார். தொண்ணூற்றொன்பதில் பிரேசில். மகள் எழில் அப்போது மூன்றாம் வகுப்பு, முழுப்பரீட்சை. இரண்டாயிரத்தேழில் லண்டன், ஆறு மாதம். அம்மாவுக்குக் கண்ணில் புரை அறுவை. பதின்மூன்றில் பாங்காக், நாலே நாள். அந்த வாரம் சங்கத் தேர்தல், வருபவர்களுக்குக் காபி போட ஆள் வேண்டும். போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மூன்று முறையும், “போறதுன்னா போ,” என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொள்வார். மறுநாளும் பேச்சிருக்காது. மூன்றாம் நாள் அவள், ‘வரலைன்னு எழுதிட்டேன்’ என்று சொன்னபிறகு, ஊறுகாய் கேட்பார்.

“குடும்பச் சூழ்நிலை,” என்றார் அச்சுதன்.

“ஓ,” என்றார் ஓலாவ்.

அந்த ‘ஓ’விலிருந்து தப்பிக்க அச்சுதன் காலை உதைத்தார். வளையம் நடு ஏரிப் பக்கம் போயிற்று. நிறுத்தக் காலை உதைத்தார், இன்னும் போயிற்று. அடியில் பன்னிரண்டு மாடி ஆழம் என்று இல்டிகோ காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. “எக்ஸ்கியூஸ் மீ,” என்று அவர் கூப்பிட்டதைக் கிழவிகள் வணக்கம் என்று எடுத்துக்கொண்டு கையசைத்தார்கள். ஓலாவ்தான் நீந்தி வந்து, வளையத்தைப் பிடித்து, பழுதான பெட்டியை இழுத்து வருவதுபோலக் கரைக்கு இழுத்து வந்தார். அது வாட்ஸ்அப்பில் வரவில்லை.

ஆறாம் நாள் சரோஜினியின் சிறப்புரை. உடன் வந்தவர்களுக்கு அன்று ஜாம் காய்ச்சும் வகுப்பு. அச்சுதன் அதற்குப் போகாமல் கூடத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மனைவி மேடையில் பேசி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. வீட்டில் மிக்ஸி சத்தத்துக்கு மேல் பேசுகிற குரல் இல்லை இது. அவசரமில்லாமல், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினாள். முந்நூறு பேர் பேனாவும் கையுமாக இருந்தார்கள்.

சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு தெரு. நாற்பது வீடுகள், நாற்பது கறுப்புத் தம்ளர்கள், நான்கு வருடம். வாரந்தோறும் எண்ணிய முட்டைகள் திரையில் ஒரு கோடாக மேலும் கீழும் போயின. அந்தத் தெருவில் ஞாயிறுதோறும் புகை அடிக்கிறார்கள் என்றாள். புகை அடித்த வாரங்களில் கொசு குறையவில்லை. சில மாதங்களில் கூடியிருந்தது. ஏனென்றால், புகை அடித்தாயிற்று என்ற நிம்மதியில் ஜனங்கள் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதை விட்டுவிட்டார்கள். “இதை நாங்கள் புகை தரும் மனநிம்மதி என்று அழைக்கிறோம்,” என்றாள். அடுத்த படம் வந்தது.

புகை இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற மனிதருக்கும் மாலை போட்டிருந்தது. மனிதரின் கண்கள் மீது, அடையாளம் தெரியாதிருக்க, கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது. கூடம் சிரித்தது. அச்சுதனும் சிரித்தார். பிறகு படத்திலிருந்த மனிதரின் சட்டையைப் பார்த்தார். கட்டம் போட்ட சட்டை. பொங்கலுக்குத் தனக்கு எடுத்தது.

அந்த நொடியில் அவருக்கு அவமானம் தோன்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்குத் தோன்றியது வேறு. முந்நூறு விஞ்ஞானிகளின் முன்னால், ஆளுயரத்தில் தன்னுடைய படம். அட்டையில் கிடைக்காத இடம் திரையில் கிடைத்திருக்கிறது, அதைப் போய் யாரோ பட்டை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். அச்சுதன் எழுந்தார். திரும்பி நின்று, கை கூப்பினார்.

“அது நான்தான்,” என்றார். “பிரசிடெண்ட்.”

பிறகு பின் வரிசையில் யாரோ கைதட்ட, மொத்தக் கூடமும் எழுந்து நின்று தட்டியது. மேடையில் சரோஜினி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் நெடுநேரம் துடைத்தாள்.

காபி நேரத்தில் கென்யா நாட்டு டாக்டர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஐயா, நான் இருபது ஆண்டாக இந்தத் துறையில் இருக்கிறேன். பிரச்சினையே நான்தான் என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்ட முதல் மனிதர் நீங்கள்தான்.” அடுத்து வந்த பிரேசில் பெண்மணி, அவரோடு படம் எடுத்துக்கொள்ளலாமா, மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றாள். மூன்றாவது ஆள் தோளில் தட்டியபோதுதான் அச்சுதனுக்கு விஷயம் முழுசாக உள்ளே இறங்கியது. காபி ஆறிப்போயிருந்தது. மாலை மூன்று மணி வெயிலில் ஏரி பளபளவென்று, யாரைப் பற்றியும் அக்கறை இல்லாமல் கிடந்தது.

சாயங்காலம் இருவரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். அங்கே கோடையில் எட்டரை மணிவரை வெளிச்சம் இருக்கும்.

“என்னைக் கேக்காம என் போட்டோவ எப்படிப் போடலாம்?” என்றார் அச்சுதன்.

“கண்ணை மறைச்சுத்தானே போட்டேன்.”

“எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே.”

“நீங்க எழுந்து நின்னதால தெரிஞ்சுது.”

ஒரு வாத்து குஞ்சுகளோடு குறுக்கே போகும்வரை இருவரும் நின்றார்கள்.

“இன்னொரு விஷயம்,” என்றாள் சரோஜினி. “நான் உங்ககூடத் திரும்பலை. இங்க லேப்ல மூணு மாசம் வேலை செய்யக் கூப்பிட்டிருக்காங்க. ஆபீஸ் ஆர்டர் மார்ச்லயே வந்தாச்சு. விசாவும் அதுக்குத்தான் எடுத்தது. பாஸ்போர்ட்ட நீங்கதானே வாங்கிட்டு வந்தீங்க.”

அச்சுதனுக்கு அந்தப் பெட்டியின் கனம் இப்போது விளங்கியது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டேனே. தொண்ணூத்தொம்போதுல கேட்டேன். ரெண்டாயிரத்தேழுல கேட்டேன். பதிமூணுல கேட்டேன்.” குரல் உயரவே இல்லை. கூடத்தில் பேசிய அதே குரல். “இந்தத் தடவை சொல்றேன்.”

அச்சுதனின் வாய், அவரைக் கலந்துகொள்ளாமல், பழக்கப்பட்டதைச் சொன்னது. “போறதுன்னா போ.”

“சரி,” என்றாள் சரோஜினி.

அந்த வாக்கியத்துக்கு அதுதான் அர்த்தம் என்று முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி அவர் சாப்பாடு வேண்டாம் என்று அறையில் படுத்துக்கொண்டார். அவள் கீழே விருந்துக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பிடில் சத்தமும், அதற்கு மேல் அவளுடைய சிரிப்பும் கேட்டன. ஒன்பது மணிக்கு அவரே பருப்புப்பொடி டப்பாவைத் திறந்து ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்.

திரும்பும் விமானத்தில் அவளுக்கென்று அவர் நினைத்திருந்த இருக்கையில் ஒரு கனத்த ஆள் வந்து உட்கார்ந்து, தோஹாவரை அவர் தோளில் சாய்ந்து தூங்கினார். எழுப்பிச் சண்டை போட அச்சுதனுக்குத் தெம்பில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஒன்றுமில்லை.

சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள், மேடம் வரலையா என்று. “அவங்க ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க. சரி, இரும்மான்னு நான்தான் விட்டுட்டு வந்தேன்,” என்றார் அச்சுதன். பொருளாளர் பக்கீர் முகமது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவருடைய மகள் நஃபீசா கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். பயிலரங்கின் சிறப்புரைகள் எல்லாம் இணையத்தில் வந்திருந்தன.

“சார், நீங்க எழுந்து நின்ன இடம் நல்லா வந்திருக்கு,” என்று சொல்லி, பக்கீர் முகமது கைபேசியைச் சுற்றுக்கு விட்டார்.

கைபேசி வந்திருந்த பன்னிரண்டு பேரையும் சுற்றிவர அரைமணி நேரம் ஆயிற்று. சிலர் இரண்டு முறை பார்த்தார்கள். பிறகு புகை இயந்திரத்தை நிறுத்திவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் என்ற முறையில் அச்சுதன்தான் அதில் கையெழுத்துப் போட்டார். அவரை மாற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை. இன்னமும் யாருக்கும் பொழுதில்லை.

இரண்டு நாள் கழித்து சரோஜினி கைபேசியில் கூப்பிட்டாள். தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் பேறுகால விடுப்பில் போய்விட்டாளாம். “தினம் காலைல ஆறேழு வீடா ஒரு ரவுண்டு போய் எண்ணி எழுதி அனுப்பறீங்களா? முடியலைன்னா ஆபீஸ்ல சொல்லி வேற ஆள் போட்டுக்கறேன்.”

வேறு ஆள் என்றதும் அச்சுதன் ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில் அந்த வேலைக்கு அவர் பூதக்கண்ணாடி, டார்ச் விளக்கு, நீளக் கரண்டி, கழுத்தில் தொங்க ஓர் அட்டை எல்லாம் சேர்த்துக்கொண்டார். அட்டையை அவரே அச்சடித்துக்கொண்டார். ‘கள ஆய்வாளர், சர்வதேசக் கொசுத் திட்டம்’. எழுத்துப் பக்கம் வெளியே பார்த்தது. தம்ளரோடு நிற்காமல், பூந்தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, நாய்க்கு வைத்த சோற்றுக் கிண்ணம் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் கரண்டியை விட்டார். காலை ஏழரை மணிக்கு அவர் தலை தெரிந்தால் தெருவில் கேட் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

முனையில் மீன் விற்கும் செல்வம்மாளால் மட்டும் தப்ப முடியவில்லை. கோவளத்திலிருந்து விடியற்காலையில் ஆட்டோவில் வந்து கடை விரிப்பவள். அவளுடைய ஐஸ் பெட்டியை அச்சுதன் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இன்னா சார் தேடிக்கினு கீற?”

“தண்ணி தேங்கியிருக்கு. கொசு முட்டை போடும்.”

“ஐஸ் தண்ணில எந்தக் கொசு சார் வந்து மொட்ட போடும்? அதுக்கு சளி புடிக்காது? வர்ற ஒண்ணு ரெண்டு கிராக்கியும் உன்னப் பாத்துட்டு அப்படியே போவுது. பேஜார் பண்ணாம போ சார். அம்மா எப்ப வரும்?”

“செப்டம்பர்.”

“ஏன், அத சீக்கிரமா வரச் சொல்லேன். அது இருந்தா நீ வூட்ல இருப்ப.”

அச்சுதன் அதையும் குறித்துக்கொண்டார்: மீன் கடை, ஒத்துழைப்பு இல்லை.

ஆனாலும் தினமும் எட்டரை மணிக்குள் எண்கள் போய்விடும். அங்கே அப்போது விடிந்திருக்காது. எழுந்ததும் அவள் பார்த்துவிட்டு ஒரு ‘சரி’ அனுப்புவாள். அந்த ஒரு சொல்லுக்காக அச்சுதன் சாப்பாட்டு மேசையில் கைபேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இட்லி ஆற ஆறக் காத்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் ‘சரி’ வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

“ஒரு விஷயம் கேக்கணும். முப்பத்தொண்ணாம் நம்பர் வீட்டுக்கும் முப்பத்திரண்டாம் நம்பர் வீட்டுக்கும் ரெண்டு வாரமா ஒரே எண்ணிக்கை வருது. பத்துன்னா பத்து, பதினேழுன்னா பதினேழு. முப்பத்திரண்டுக்கு நிஜமா போறீங்களா?”

முப்பத்திரண்டாம் எண் புஷ்பலதா என்கிற டீச்சருடைய வீடு. அங்கே ஒரு நாய் இருந்தது.

“நாய் இருக்கு,” என்றார்.

“கட்டிப்போடச் சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா எண்ணலைன்னு எழுதுங்க. இல்லாததை எழுதாதீங்க. நாலு வருஷ வேலை.”

“சரி,” என்றார் அச்சுதன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அபூர்வம். சொன்னபிறகு வாய்க்குள் ஏதோ புதுச் சுவைபோல இருந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

கரண்டியை எடுத்துக்கொண்டு முப்பத்திரண்டாம் எண் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். “டீச்சர், நாயைக் கட்டிட்டீங்களா?” என்று கூப்பிட்டார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். குளியலறையிலிருந்து, “கட்டித்தான் இருக்கு, வாங்க சார்,” என்று புஷ்பலதாவின் குரல் வந்தது.

அச்சுதன் கேட்டைத் திறந்து உள்ளே போனார். மாடிப்படிக்கு அடியில், கறுப்புத் தம்ளருக்குப் பக்கத்தில், நாய் படுத்திருந்தது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. சங்கிலி அதன் கழுத்தில் இருந்தது. சங்கிலியின் மறுமுனையை அச்சுதன் கண்ணால் தேடிக்கொண்டு போனார். அது எதிலும் கட்டியிருக்கவில்லை.